தாயில்பட்டியில் கடைசி வீடு

பாண்டிராஜ்: ஏலே ஆசீரு, ஆடாம நில்லு. கிறிஸ்மஸ் தாத்தாவுக்குத் தாடி கோணிக்கிட்டு நிக்கி.

ஆசீர்: இறுக்காதலே, மூச்சு முட்டுது... நம்ம பாட்டுக் கோஷ்டி போக இன்னும் எத்தன வீடு?

பாண்டிராஜ்: ஒண்ணேதான். உங்க தேவஇரக்கம் அண்ணாச்சி வீடு!

ஆசீர்: தெரியும்லே. அதுக்குத்தானே இந்தக் கோட்டுக்குள்ள வேகுதேன். "இந்த வருசம் தாத்தா நீதான்"னு நீ சொன்னியோ, எனக்கு வழி கெடச்சுது.

பாண்டிராஜ்: தெருப் பூரா ஆடுன ஆளு இப்ப பம்முறதப் பாரு!

ஆசீர்: பம்மாம என்ன செய்ய? ரெண்டு வருசமாச்சுலே, அவரப் பக்கத்துல பாத்து.

பாண்டிராஜ்: பேசிரேன். கூடப் பெறந்தவருதானே?

ஆசீர்: பேசுனா கதவச் சாத்திருவாரு. அப்பாவப் பட்டாசுக் கம்பெனியில சேத்துவிட்டது நான். ஷெட்டு வெடிச்சு அப்பா போனப்ப, "நீதாம்லே கொன்னே"ன்னுட்டாரு. அதோட சரி... பேச்சில்ல.

பாண்டிராஜ்: சரி சரி, அழாத. முகமூடிக்குள்ள எப்பிடித் தொடைப்ப?

ஆசீர்: கிறிஸ்மஸுக்கு முந்தி அட்வெந்து வந்ததுல இருந்து, ஏசு வாராரு வாராருன்னு சர்ச்சுல பாடுதோம். எனக்கு ஒண்ணுதான் தோணுச்சு... அவரு எங்க வீட்டுக்கு வாரதுக்கு முந்தி, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரணும்.

பாண்டிராஜ்: அடேயப்பா... நான் அம்மன் கோயில் கொடைக்கு மேளம் அடிக்கிறவன், எனக்கே புல்லரிக்குதுலே!

ஆசீர்: வாயத் தொறக்க மாட்டேன். ஆடுவேன், மிட்டாய் குடுப்பேன், அண்ணன் கையப் பிடிச்சு ஒரு குலுக்கு. அம்புட்டுதான்... அது போதும்.

பாண்டிராஜ்: ஏ, கேட்டு தொறக்கு! ஆடுலே, ஆடு!

தேவஇரக்கம்: வாங்க, வாங்க! எல்லாரும் உள்ள வாங்க! ஹேப்பி கிறிஸ்மஸ்!

பாண்டிராஜ்: ஹேப்பி கிறிஸ்மஸ் அண்ணாச்சி! தாத்தாவுக்குக் கை குடுங்க!

தேவஇரக்கம்: இந்தாங்க... யாத்தே, என்னா பிடி! என்ன தாத்தா, பேச மாட்டீகளோ?

பாண்டிராஜ்: தொண்ட கட்டிருச்சு அண்ணாச்சி. வீட்டுக்கு வீடு பாட்டுல்லா...

தேவஇரக்கம்: அப்பிடியா? சுக்குக் காப்பி குடிக்கீகளா தாத்தா? தலைய மட்டும் ஆட்டுதாரு பாரு!

பாண்டிராஜ்: கைய விடு தாத்தா, எம்புட்டு நேரம்...

தேவஇரக்கம்: இருக்கட்டும்லே. அவரு எங்க பிடிச்சிருக்காரு? நாம்லா பிடிச்சிருக்கேன்.

பாண்டிராஜ்: அண்ணாச்சி... நாங்க கெளம்பட்டா?

தேவஇரக்கம்: எங்கன கெளம்புதீக? எல்லாருக்கும் கறியும் சோறும் ஆக்கி வச்சிருக்கு உங்க மதினி. தாத்தா, முகமூடிய எடுத்துட்டு உக்காருங்க.

பாண்டிராஜ்: ஐயையோ, தாத்தா மொகத்தக் காட்டக் கூடாது அண்ணாச்சி! பிள்ளைக பாக்குது...

தேவஇரக்கம்: போதும்லே பாண்டி நடிச்சது... இவன்ட்ட ஏதும் சொல்லிட்டியா?

பாண்டிராஜ்: சத்தியமா மூச்சு விடல அண்ணாச்சி.

ஆசீர்: என்னத்த... என்னத்தலே எங்கிட்டச் சொல்லல?

தேவஇரக்கம்: தாத்தாவுக்கு வாய் வந்துருச்சு!... ஏலே ஆசீரு, உனக்கு இந்த வேசத்தப் போட்டுக் கூட்டிட்டு வரச் சொன்னதே நான்தாம்லே. நேர்ல கூப்பிட்டா நீ வரமாட்டியோன்னு பயம்... அப்பா போனதுக்கு நீ காரணம் இல்லலே தம்பி. கழட்டு அத, உன் மூஞ்சியப் பாக்கணும்.