மேஜருக்கு ஒரு வீடு

பிறிஜெற்: ...முடி கொட்டாது. அதுதான் இந்த நாயில விசேஷம். தினமும் சீவணும், மாசத்துக்கு ஒருக்கா வெட்டணும். வேற கரைச்சல் இல்ல.

ஸ்ரீஸ்கந்தராசா: தினமும் சீவுறதோ? என்ரை தலையைப் பாரும், பிறிஜெற். கடைசியா இதுக்குச் சீப்பு வைச்சது எண்பத்திமூண்டிலை.

கனகேஸ்வரி: இஞ்சாருங்கோ, அவ நாயின்ரை முடியைப் பற்றிச் சொல்லுறா.

ஸ்ரீஸ்கந்தராசா: நானும் அதைத்தான் சொல்லுறன். என்னைவிட வடிவான தலையோடை இந்த வீட்டிலை இன்னொரு ஆம்பிளை வேணுமோ? மூண்டு வருசமா உமக்குச் சட்டை தைக்கிற மனிசி. சட்டையோடை வருவா எண்டு கதவைத் திறந்தால், நாயோடை நிக்கிறா!

கனகேஸ்வரி: நான்தான் கொண்டுவரச் சொன்னனான்.

ஸ்ரீஸ்கந்தராசா: எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமலோ?

கனகேஸ்வரி: நீங்கள் எனக்கு எல்லாம் சொல்லிப்போட்டோ செய்யிறியள்?

பிறிஜெற்: நல்ல சாதி நாய் ஐயா. தாய் பூடில். கறுவாத்தோட்டத்தில ஒரு டொக்டர் வீட்டு நாய்.

ஸ்ரீஸ்கந்தராசா: தகப்பன்?

பிறிஜெற்: தகப்பன்... கொட்டாஞ்சேனை.

ஸ்ரீஸ்கந்தராசா: கொட்டாஞ்சேனை எண்டு ஒரு சாதியோ?

பிறிஜெற்: நானும் கொட்டாஞ்சேனைதான் ஐயா.

கனகேஸ்வரி: வாயை வைச்சுக்கொண்டு இருக்கேலாது உங்களுக்கு. பிறிஜெற், குறை நினையாதையுங்கோ. என்ன சாப்பிடும்?

பிறிஜெற்: எல்லாம் சாப்பிடும். மீன் தலை, ஈரல்...

கனகேஸ்வரி: வெள்ளிக்கிழமையிலை இஞ்சை மச்சம் இல்லை.

பிறிஜெற்: பரவாயில்ல அக்கா. வெள்ளிக்கிழமையில எங்க வீட்டுலயும் இறைச்சி இல்ல. பருப்பும் சோறும் குடுத்தா பேசாம தின்னும்.

ஸ்ரீஸ்கந்தராசா: பருப்பும் சோறும் பேசாமல் தின்னுறதுக்கு ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கிறன்.

கனகேஸ்வரி: நீங்கள் பேசாமல் எப்ப திண்டனியள்?

ஸ்ரீஸ்கந்தராசா: சரி... பேர் என்ன?

பிறிஜெற்: மேஜர்.

ஸ்ரீஸ்கந்தராசா: என்னது?

பிறிஜெற்: மேஜர். மேஜர், உக்காரு! பாருங்க, எவ்வளவு புத்தி.

ஸ்ரீஸ்கந்தராசா: கனகேஸ், கேட்டீரோ? நாலாம் மாடி பல்கனியிலை நிண்டு "மேஜர், சாப்பிட வா" எண்டு கூப்பிடப்போறீர். கீழை றோட்டிலை ஆமிக்காரன் நிப்பான். எந்தப் பக்கத்து மேஜர், ஆமியோ இயக்கமோ எண்டு மேலை வந்து கேப்பான். நீர் என்ன சொல்லுவீர்?

கனகேஸ்வரி: கொட்டாஞ்சேனைப் பக்கம் எண்டு சொல்லுவன்.

பிறிஜெற்: ஹா... அக்கா!

ஸ்ரீஸ்கந்தராசா: சிரியுங்கோ, சிரியுங்கோ. பொலிஸிலை வீட்டு ஆக்களைப் பதிஞ்ச பேப்பர் கதவுக்குப் பின்னாலை கிடக்கு. ரெண்டு பேர் எண்டு எழுதியிருக்கு. மூண்டாவதா மேஜர், வயது...?

பிறிஜெற்: ரெண்டரை.

ஸ்ரீஸ்கந்தராசா: ரெண்டரை வயதிலை மேஜர். நான் முப்பத்தொரு வருசம் கந்தோருக்குப் போய் சீஃப் கிளாக்கோடை நிண்டிட்டன்.

பிறிஜெற்: ஐயா, ஒண்ணு சொல்றேன். காலைல ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் நடக்கக் கூட்டிட்டுப் போகணும். ரயில் பாதைப் பக்கமா, கடல் காத்துல. அதுல உங்களுக்கும் நன்மை.

ஸ்ரீஸ்கந்தராசா: என்ன நன்மை?

பிறிஜெற்: பூடில் பிடிச்சிட்டுப் போற ஆம்பிளைய எவன் சந்தேகப்படுவான்? என்ட புருஷனை ஒரு நாளும் மறிச்சதில்ல. ஆமிக்காரன் குனிஞ்சு நாயைத் தடவிட்டு விட்டுருவான்.

ஸ்ரீஸ்கந்தராசா: அப்ப இது நாயில்லை, ஐடென்டிட்டி காட்.

கனகேஸ்வரி: உங்களுக்கு எல்லாம் பகிடி.

ஸ்ரீஸ்கந்தராசா: பகிடி இல்லாட்டி இந்த ஊரிலை...

கனகேஸ்வரி: பிறிஜெற், இது குலைக்குமோ?

பிறிஜெற்: படியில காலடி கேட்டாலே குரைக்கும். அதுதான் சில பேருக்குப் பிடிக்கல.

கனகேஸ்வரி: எனக்கு அதுதான் வேணும். கதவிலை தட்ட முன்னம் ஆர் வாறது எண்டு தெரிஞ்சால் நல்லது.

பிறிஜெற்: ஆனா தனியா விட்டுட்டுப் போகேலாது. ரெண்டு மணித்தியாலம் ஆளில்லாட்டி செருப்பைக் கடிக்கும், கதவைச் சுரண்டும், அழும். எப்பவும் ஒராள் வீட்டில இருக்கணும்.

கனகேஸ்வரி: நான் இருப்பன்.

பிறிஜெற்: சீவுறது?

கனகேஸ்வரி: நான் சீவுவன்.

பிறிஜெற்: நடக்கக் கூட்டிட்டுப் போறது?

கனகேஸ்வரி: நான்தான்.

பிறிஜெற்: என்னக்கா, எல்லாம் நான், நான்னு சொல்றீங்க? ஐயா என்ன செய்வாரு?

ஸ்ரீஸ்கந்தராசா: ஐயா ஓரமா இருந்து கடிபடுவார்.

பிறிஜெற்: கடிக்காதுங்க. சரி, கடைசியா ஒரு கேள்வி. மனசில ஒண்ணும் வச்சிக்காம சொல்லுங்க. வெளிநாடு போறீங்களா?

ஸ்ரீஸ்கந்தராசா: வெள்ளவத்தையிலை நிண்டு கேக்கிற கேள்வியோ இது? இஞ்சை பஸ் கொண்டக்டரைத் தவிர எல்லாரும் போறதுக்குத்தான் வந்து இருக்கினம்.

பிறிஜெற்: அதாலதான் கேக்கிறேன் ஐயா. இந்த நாயை ரெண்டு தரம் இந்தப் பக்கம் குடுத்து, ரெண்டு தரம் திரும்பி வந்திருச்சு. முதல் வீட்டுக்காரங்க செவ்வாய்க்கிழமை விசா கிடைச்சு, புதன்கிழமை போன் பண்ணினாங்க. சரி, போனாவது பண்ணினாங்க. மத்தவங்க அதுவும் இல்ல. மாடிப்படியில கட்டிட்டு, பக்கத்துல ஒரு பைக்கற் பிஸ்கற் வச்சிட்டு ஏர்போட் போயிட்டாங்க. கீழ் வீட்டுப் பைறோஸாதான் எனக்குச் சொல்லி அனுப்பினா. நான் வந்து பாக்கிறப்ப பிஸ்கற் அப்பிடியே கிடக்கு. இது கேற்றையே பாத்துட்டு இருக்கு.

கனகேஸ்வரி: ஐயோ...

பிறிஜெற்: எனக்கே வச்சிக்கலாம். நாங்க வத்தளைக்கு மாறுறோம், அந்த வீட்டுக்காரன் நாய் வேணவே வேணாம்ங்கறான். அதுக்காக மூணாந்தரமும் போறவங்க கையில குடுக்க மாட்டேன். அதான், போறீங்களா, இல்லையா?

கனகேஸ்வரி: இல்லை.

ஸ்ரீஸ்கந்தராசா: ஓம்.

பிறிஜெற்: ...எது?

ஸ்ரீஸ்கந்தராசா: மகள் நோர்வேயிலை. பிள்ளைப்பெறுக்கு எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறாள். எம்பசியிலை இன்னும் முடிவு சொல்லேல்லை. வந்த உடனை ரெண்டு பேரும் போறம். நாய் சரிவராது. மன்னிச்சுக்கொள்ளும்.

கனகேஸ்வரி: முடிவு வந்திட்டுது.

ஸ்ரீஸ்கந்தராசா: ஆர் சொன்னது?

கனகேஸ்வரி: உங்கடை மழைக்கோட்டுப் பொக்கற். தோய்க்கப் போடேக்கை பார்த்தனான். உங்களுக்கு ஓம். எனக்கு இல்லை.

ஸ்ரீஸ்கந்தராசா: இஞ்சரும்...

கனகேஸ்வரி: ஒராளை இஞ்சை வைச்சால்தான் மற்ற ஆள் திரும்பி வருவார் எண்டு யோசிக்கிறாங்களாம். என்னை அடகு வைச்சிருக்கிறாங்கள். மூண்டு கிழமையா, "இன்னும் ஒண்டும் வரேல்லை, வெள்ளைக்காரனுக்கு இப்ப லீவு" எண்டு சொல்லிக்கொண்டு திரியிறியள். அவங்களுக்கு எத்தினை லீவு?

பிறிஜெற்: நான்... வெளியில நிக்கட்டா, அக்கா?

கனகேஸ்வரி: இருங்கோ பிறிஜெற். உங்களுக்கும் தெரியட்டும். இந்த வீட்டிலை இருக்கப்போறது நான் ஒராள். இந்த நாய் எனக்கு. அதுதான் எல்லாத்துக்கும் நான், நான் எண்டு சொன்னனான். இவர் போறார்.

ஸ்ரீஸ்கந்தராசா: நான் போறனோ? எங்கை போறன்?

கனகேஸ்வரி: மகளிட்டை. போய் இருங்கோ. திரும்பி வராமல் இருக்க வழியிருந்தால், அங்கையே இருங்கோ.

ஸ்ரீஸ்கந்தராசா: நல்லாயிருக்கு. முப்பத்துநாலு வருசக் கலியாணத்தை ஒரு பூடிலுக்கு மாத்துறீர். அதுவும் அரைப் பூடில்.

கனகேஸ்வரி: பகிடி விடாதையுங்கோ! தை மாதம் சுத்திவளைப்பிலை கொண்டுபோய் நாலு நாள் வைச்சிருந்தாங்கள். பாண் வாங்கப் போன மனிசன். வரேக்கை சேட்டிலை ஒரு பொத்தானும் இல்லை, ஒரு செருப்பு இல்லை. அண்டைக்கும் படியேறிக்கொண்டு, "அங்கை பருப்பு நல்ல ருசி" எண்டு எனக்குப் பகிடி சொன்னனியள். பிறகு குளியலறையிலை தண்ணியைத் திறந்துவிட்டிட்டு எவ்வளவு நேரம் நிண்டனியள் எண்டு எனக்குத் தெரியாதோ? நீங்கள் கடைக்குப் போனால் நான் பல்கனியிலை. சலூனுக்குப் போனால் பல்கனியிலை. சீவ முடியில்லாத மனிசன் சலூனிலை ஏன் இவ்வளவு நேரம் எண்டு... எனக்கு ஏலாது. நீங்கள் அங்கை இருந்தால் நான் இஞ்சை நித்திரை கொள்ளுவன். ஒரு நாய் காணும் எனக்கு.

பிறிஜெற்: ஐயா, அக்கா சொல்றதுல...

ஸ்ரீஸ்கந்தராசா: நீர் நாயைப் பிடியும், பிறிஜெற். அது என்ரை செருப்பை மணக்குது.

கனகேஸ்வரி: கடிதத்திலை திகதி கிடக்கு. மாதம் முடியிறதுக்குள்ளை பாஸ்போட்டைக் கொண்டுபோனால் விசா குத்தித் தருவாங்கள். இன்னும் பதினொரு நாள். நாளைக்கே போங்கோ.

ஸ்ரீஸ்கந்தராசா: நாளைக்கு மழை.

கனகேஸ்வரி: கோட்டுத் தோய்ச்சுக் காய்ஞ்சு கிடக்கு!

பிறிஜெற்: அக்கா, கோவிக்காதீங்க... கீழ திரீவீல் நிக்குது. டிரைவர் றேமண்ட் ரெண்டு தரம் ஹோன் அடிச்சிட்டான். எனக்கு ஒரு பதில் போதும். ஐயா, நீங்க சொல்லுங்க. போறீங்களா, இல்லையா?

ஸ்ரீஸ்கந்தராசா: இல்லை, பிறிஜெற். கடிதம் வந்த மற்ற நாளே எம்பசிக்குப் போய், மனிசி இல்லாமல் எனக்கு வேண்டாம் எண்டு எழுதிக் குடுத்திட்டு வந்தனான். இவவுக்குச் சொன்னால் கழுத்தைப் பிடிச்சுத் திருப்பி அனுப்புவா எண்டுதான் வாய் திறக்கேல்லை. அந்தச் சங்கிலியை என்னட்டைத் தாரும்... அவவுக்கு இப்ப அழுறதுக்கு ரெண்டு கையும் வேணும்.