ஏணியில் தொங்கும் கரடி

—பேனாவைக் கொடு, இங்கயே எழுதிடறேன். 'சேர்க்கத் தேவையில்லை.' பன்னிரண்டு கார்ட்டூன்ல இந்த ஒரு குப்பையைத் தூக்கிட்டா தொகுப்பு சுத்தமாயிடும்.

—கையுறை போடாம மேஜையில கை வைக்காதீங்க அத்தான். தொகுப்புக்கு முன்னுரை எழுதற நீங்களே வேண்டாம்னு எழுதிட்டா, இந்தப் பிலிம் சுருளைக் காப்பகத்துல இன்னைக்கே தூக்கிப் போட்டுடுவாங்க. ஏற்கெனவே பிலிம் கெட்டுப்போய்ப் புளிச்ச வாடை அடிக்குது. வேற பிலிம் பிரதி எங்கயும் இல்ல.

—நல்லதாப் போச்சு. நான் உலகத்துக்குப் பண்ற உபகாரம்னு வச்சுக்கோ.

—எங்க அக்காவைக் கட்டின நாள்லேர்ந்து இந்தப் படத்தைத் திட்டிட்டு இருக்கீங்க. அந்தக் கரடி உங்களை என்னதான் பண்ணிச்சு?

—இங்க பாரு, எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்தக் கரடிதான். என் விமர்சனப் புத்தகத்துல ஜனங்க ஒப்பிக்கறது அந்த ஒரு அத்தியாயத்தைத்தான். படம் ஆரம்பிக்கும்போதே கரடி தொப்பலா நனைஞ்சு ஆத்துலேர்ந்து எழுந்து வருது. மழை வர்றது அதுக்கப்புறம். தலையில கட்டு முதல்ல, சண்டை அப்புறம். கோழி வீட்டுல மூக்கு முட்டத் தின்னுட்டுத் தூங்குது. அடுத்த காட்சியில அதே கோழிகிட்ட, "நீங்க பக்கத்து வீடா?"ன்னு விசாரிக்குது. கடைசியில ஏணியில தொங்கிட்டு இருக்கும்போதே படம் படக்குனு நின்னுடுது. வரைஞ்சவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா, இல்ல தூங்கிட்டே வரைஞ்சானா, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

—மத்த பதினொண்ணும் அவரே எடுத்ததுதானே?

—அதனாலதான் எரிச்சல் வருது. பதினொண்ணும் முத்து முத்தா எடுத்துட்டு, பன்னிரண்டாவதுல சரக்கு தீர்ந்து போச்சு. முன்னெல்லாம் அவரை அங்க இங்க பேசக் கூப்பிடுவாங்க. என் புத்தகம் வந்ததும் அதுவும் நின்னு போச்சு.

—அவரை நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களா?

—ஒரே ஒரு தடவை. என் கூட்டத்துக்கே வந்துட்டார் மனுஷன். நான் பேசி முடிச்சு, ஜனங்க சிரிச்சு ஓயறதுக்குள்ள, பின்வரிசையில கிழவர் எழுந்து ஏதோ சொன்னார். நான் விடுவேனா? "உட்காருங்க ஐயா, உங்க கரடிதான் இன்னும் தொங்கிட்டு இருக்கு, நீங்களாவது உட்காருங்க"ன்னு மைக்குல சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

—அவர் என்ன சொன்னார்?

—யாருக்குத் தெரியும்? ஏதோ உளறினார். பேனா எங்க?

—இருங்க, ஓடியா போகுது. இந்தச் சுருள் எங்க கிடைச்சுது?

—அதையும் நான்தான் காப்பாத்தினேன், எழுதி வச்சுக்கோ. பழைய சாமான் கடையில ரெண்டு டப்பாவுல ரெண்டு துண்டாக் கிடந்தது. தலைப்பும் இல்ல, முடிவு அட்டையும் இல்ல. என் கையாலயே ஒட்டி எங்க திரைப்படச் சங்கத்துல போட்டுக் காட்டினேன். இன்னைக்கு ஊர்ல சுத்தற அத்தனை வீடியோவும் அதுலேர்ந்து எடுத்ததுதான். நான் இல்லேன்னா திட்டறதுக்குக்கூடப் படம் இருந்திருக்காது.

—எந்தத் துண்டு முதல்லன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

—அதென்ன பெரிய கம்பசூத்திரமா? கரடி தண்ணியிலேர்ந்து எழுந்து வர்ற துண்டை முன்னாடி வச்சேன். கதாநாயகனுக்கு அதைவிட நல்ல அறிமுகம் வேணுமா?

—சரி, இந்தப் பூதக்கண்ணாடியைப் பிடிங்க. பிலிமோட ஓரத்துல அடிக்கு அடி ஒரு நம்பர் இருக்கும். அச்சாகும்போதே வரிசையா விழுந்த நம்பர். சுருளோட ஆரம்பத்துல என்ன இருக்கு?

—முந்நூத்திப் பத்தொன்பது.

—நீங்க ஒட்டின இடம் வரைக்கும் ஓட்டறேன். ஒட்டுக்கு முன்னாடி?

—அறுநூத்தி இருபத்தெட்டு.

—ஒட்டுக்கு அப்புறம்?

—மூணு.

—சத்தமா.

—மூணுன்னுதானே சொல்றேன். காது கேக்குதுல்ல.

—சுருள் முடியற இடத்துல?

—முந்நூத்திப் பதினெட்டு.

—அந்த முந்நூத்திப் பதினெட்டுலதான் ஏணி ஆத்துமேல சாயுது. நீங்க முன்னாடி வச்சீங்களே, அந்தத் துண்டோட முதல் கட்டத்துல தண்ணி தெறிக்குது. கரடி வீட்டுல மழை ஒழுகுது. ஏணி கேட்டுக் கோழி வீட்டுக்குப் போகுது. சண்டை போட்டுப் பிடுங்கிட்டு ஓடுது, ஏணியில தொங்கிட்டே ஆத்துல விழுது. அந்தக் கோழியே தலைக்குக் கட்டுப் போட்டு, சாப்பாடு கொடுத்து, தன் வீட்டுல தூங்க வைக்குது. அவ்வளவுதான் அத்தான் கதை. பன்னிரண்டுல இதுதான் நல்ல படம். காலையில இந்த வரிசையில ஓட்டிப் பார்த்தேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

—அந்தப் பேனாவை உள்ள வை.

—ஏன், எழுதலையா?

—அந்தப் பெரியவர் உளறலம்மா. "பின்பாதியை முன்னாடி ஓட்டிட்டீங்க தம்பி"ன்னு தெளிவாத்தான் சொன்னார். எனக்கு நல்லாவே கேட்டுச்சு.