லாரி இருக்கையில் ஏறிப் பார்த்த பாகீரதி அம்மையார்

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் ஜம்பு அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் சான்றோர்களே, பாகீரதி அம்மாவின் மகள் ருக்கு அவர்களே, மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் சகோதர சகோதரிகளே! பம்பாய்த் தமிழ் லாரி ஓட்டுநர் சங்கத்தின் செயலாளர் மன்சூர் அலியின் வணக்கம்.

ஓட்டுநர் பயிற்சி ஆசிரியை பாகீரதி அம்மையார் மறைந்து பதினொரு நாள் ஆகிறது. அவரிடம் கார் ஓட்டப் பழகியவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர். நான் அவர் மாணவன் அல்ல. அவர் எனக்கு எப்படிப் பழக்கம்? சொல்லக் கூசுகிறது. ஆனாலும் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

எண்பத்து மூன்று ஜூலை. செம்பூரில் என் லாரியை இடப்பக்கம் திருப்பினேன். ஒரு பியட் கார் சக்கரத்தில் சிக்கியது. ஓட்டியவன் பூலோகம், பத்தொன்பது வயது. அம்மாவிடம் பழகி, லைசென்ஸ் வாங்கி, ஒரு முதலாளியிடம் சேர்ந்து பன்னிரண்டே நாள். அந்த இடத்திலேயே போய்விட்டான். எனக்கு அப்போது ஐம்பத்தேழு. விசாரணையில் என்னை விட்டுவிட்டார்கள். "சின்னப் பய, அவசரப்பட்டுட்டான்" என்று கூட்டாளிகள் தேற்றினார்கள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் அம்மா எங்கள் லாரி ஸ்டாண்டுக்கு வந்தார். என் லாரியின் முன்சக்கரத்துக்கு இடப்பக்கம் ஒட்டித் தன் பியட்டை நிறுத்தினார்.

"சண்டை போட வரலை, மன்சூர் பாய். உங்க சீட்ல ஒரு தரம் ஏறி உக்காரணும்."

அறுபது வயதில், புடவையைச் செருகிக்கொண்டு ஏறினார்! எட்டி எட்டிப் பார்த்தார்.

"என் வண்டி எங்கே? தெரியவே இல்லையே!"

பிறகு என்னைத் தன் காரில் உட்காரவைத்தார். என் லாரியின் சக்கரம் என் முகத்துக்கு நேராக நின்றது. முப்பது வருஷம் ஓட்டியவன், அதைக் கீழேயிருந்து ஒருநாளாவது பார்த்தேனா? அந்தக் காரின் கதவுத் தகரத்தைத் தொட்டேன். வாய்விட்டு அழுதேன்.

அன்று முதல் நான்கு வருஷம், ஞாயிறுதோறும் அம்மாவின் மாணவர்கள் எங்கள் லாரிகளில் ஏறினார்கள். எங்கள் ஆட்கள் அவர் காரில் உட்கார்ந்தார்கள். எத்தனை உயிர் தப்பியதோ, யாருக்குத் தெரியும்!

போன வருஷம் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "பூலோகத்துக்குக் கண் நன்னாத் தெரிஞ்சுது, எதைப் பாக்கணும்னுதான் தெரியலை. உங்களுக்கு எதைப் பாக்கணும்னு தெரியும். கண் தெரியறதா? டாக்டர்கிட்ட காட்டினேளா?"

"எங்கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. ஒங்க சோலியப் பாத்துட்டுப் போங்க!" என்று கத்தினேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தானே கண் டாக்டரிடம் போய்த் தன் கண்ணைக் காட்டினார். பக்கவாட்டில் பார்வை குறைந்திருக்கிறது என்று தெரிந்த அன்றே கார்ச் சாவியை ருக்குவிடம் கொடுத்துவிட்டார். அவருக்குச் சோறு போட்ட கார்! ருக்கு வந்து இதைச் சொன்ன பிறகும் நான் போகவில்லை.

அம்மாவைத் தகனம் செய்த மறுநாள்தான் போனேன். இடது கண்ணில் முற்றிய புரை. எத்தனை வருஷமாக என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

பூலோகத்தை என்னிடமிருந்து மறைத்தது லாரியின் உயரமா, அவன் வயதா, என் வயதா? இனி யாரைக் கேட்பேன்? அவனைப் பெற்ற பேராச்சி அம்மாள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "ஒங்க மவன்தான் அவசரப்பட்டான்" என்று அன்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். தாயே, அந்தச் சொல்லை இந்தச் சபையறியத் திரும்பப் பெறுகிறேன்.

என் லைசென்ஸை ஒப்படைத்துவிட்டேன். ஞாயிறு வகுப்பை ருக்கு நடத்துவார், லாரிகளைச் சங்கம் அனுப்பும். ஐம்பத்தைந்து தாண்டிய உறுப்பினர் எவரும் கண்ணைச் சோதிக்காமல் லாரியில் ஏறக்கூடாது என்று நேற்றுத் தீர்மானம் போட்டோம். முதல் ஏழு பேரைச் செவ்வாய்க்கிழமை நானே பஸ்ஸில் கூட்டிப்போகிறேன். ஏழு பேருக்கும் என்மேல் கோபம். திட்டட்டும். அம்மா, உங்களைப் போலவே நானும் பதில் பேசாமல் வாங்கிக்கொள்வேன்.