பல் டாக்டரின் பழைய ஸ்கீ படகு

மதிப்பிற்குரிய வாசகர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அலுவலகக் குறிப்புகளைத் தவிர வேறெதையும் எழுதிப் பழகாதவர் ஒருவர் கதை என்று ஒன்றைத் தங்கள் முன் வைப்பது துணிச்சலான காரியம்தான். வர்ணிக்கும் திறமை கைவராத காரணத்தால், பேசியவர்களின் பேச்சை மட்டுமே கொடுத்திருக்கிறேன். பேசுகிறவர்கள் மூவர். படகு எஞ்சின் பட்டறை நடத்தும் அண்ணி. அவருடைய கணவரின் தம்பி, ஏரியில் சறுக்குப் பலகையில் நிற்பவர்களைக் கயிறு கட்டிப் படகில் இழுப்பதையே தொழிலாகக் கொண்டவர். இவ்விருவரும் பார்க்கப் போகிற ஸ்கீ படகின் சொந்தக்காரரான பல் டாக்டர். பிழைகள் என்னுடையவை, பொறுத்தருள வேண்டும்.

தம்பி: ...அதனால மறந்துடாதீங்க அண்ணி. படகு நல்லா இருந்தா...

அண்ணி: குறை சொல்லணும்.

தம்பி: ஆகாதுன்னா?

அண்ணி: புகழணும். ஏன் தம்பி, நல்லா இருக்கு, நல்லா இல்லன்னு நேரா சொன்னா வாய் வலிக்குமா?

தம்பி: நீங்க எஞ்சின் தெரிஞ்சவங்க. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா விக்கிறவர் கால் மேல கால் போட்டுக்குவார். அண்ணன் ஜெனரேட்டர் வாங்கப் போய், வாசல்லயே "தங்கமா இருக்கே"ன்னு சொல்லி அதிக விலை கொடுத்துட்டு வந்தார்ல?

அண்ணி: என்னை முதல் முதல்ல பார்த்த அன்னைக்கும் அதைத்தான் சொன்னார்.

தம்பி: அது நஷ்டம் இல்லையே.

அண்ணி: யாருக்குன்னு கேளுங்க... சரி, உங்க சறுக்குப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை பிள்ளைங்க சேர்ந்திருக்காங்க?

தம்பி: எட்டு. அடுத்த மாசம் முதல் வாரம் வகுப்பு ஆரம்பம். ஏரிக்கரையில இடம் பார்த்தாச்சு. பலகை, கயிறு, மிதவைச் சட்டை எல்லாம் வந்தாச்சு. படகு ஒண்ணுதான் பாக்கி. இதை விட்டா இந்த சீசனே போச்சு அண்ணி.

அண்ணி: கிளப்பு வேலையிலயே இருந்திருந்தா அவங்க படகு இருந்திருக்கும்.

தம்பி: பத்தொன்பது வருஷம் அடுத்தவங்க படகு ஓட்டியாச்சு. போதும். நம்ம பள்ளிக்கூடம், நம்ம படகு... அந்தக் கேட்டுதான் போல.

அண்ணி: பார்த்துட்டேன். காரை நிறுத்திட்டேன், இறங்குங்க.

டாக்டர்: வாங்கம்மா, வாங்க தம்பி. ரொம்ப சந்தோஷம். கொஞ்சம் பார்த்து வரணும், டிரெய்லரோட கொக்கி நீட்டிக்கிட்டு...

தம்பி: ஆ...

டாக்டர்: அடடா. மன்னிக்கணும், அதை மூடி வெச்சிருக்கணும், என் தப்பு.

அண்ணி: முழங்கால்தானே. கொக்கிக்கு ஒண்ணும் ஆகலையே?

டாக்டர்: இல்ல, இல்ல. இதுதாம்மா படகு. இருபத்தேழு வயசு. எங்கிட்ட வந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. இப்போ என் முதுகு ஒத்துக்க மாட்டேங்குது, அதனாலதான்...

அண்ணி: எஞ்சினை இன்னைக்கு ஓட்டினீங்களா டாக்டர்?

டாக்டர்: தொடக்கூட இல்ல. நீங்க போன்ல சொன்னீங்களே. கையை வெச்சுப் பாருங்க.

அண்ணி: ம்... ஜில்லுன்னுதான் இருக்கு.

டாக்டர்: தப்பா எடுத்துக்காதீங்க, எதுக்கு அப்படிச் சொன்னீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?

அண்ணி: சிலபேர் நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஒரு தடவை ஓட்டிச் சூடாக்கி வெச்சிருவாங்க. சூடான எஞ்சின் எல்லார்கிட்டயும் நல்ல பேர் வாங்கிடும். சும்மா கிடந்ததை எழுப்பினாத்தான் அதோட குணம் தெரியும்.

டாக்டர்: விடியக்காலையில என்னை எழுப்பிப் பார்க்கிற மாதிரி.

அண்ணி: உங்களுக்குப் புகை வராதே... ஆயில் குச்சியை எடுங்க தம்பி. பால் ஊத்தின மாதிரி வெளுத்திருந்தா உள்ள தண்ணி போயிருக்குன்னு அர்த்தம்.

தம்பி: வெளுக்கல அண்ணி. தேன் நிறம்.

அண்ணி: தேனா? எனக்கு என்னமோ கொஞ்சம் கறுத்த மாதிரி இருக்கு.

டாக்டர்: போன மாசம்தாம்மா மாத்தினேன். இதோ நோட்டு... தேதி, எஞ்சின் ஓடின மணி, என்ன ஆயில், தண்ணி பம்ப்போட ரப்பர் மாத்தின நாள், எல்லாம் எழுதியிருக்கேன்.

அண்ணி: கையெழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு. படிக்கிறவங்க கஷ்டப்படணும்.

தம்பி: அண்ணி, கிட்ட வாங்க... இதோட ரெண்டு குறை. எனக்கு சந்தோஷம் தாங்கல.

அண்ணி: பல்லைக் காட்டாதீங்க. அவர் தொழிலே அதுதான், கண்டுபிடிச்சுடுவார்.

டாக்டர்: ஏதாவது கேட்டீங்களாம்மா?

அண்ணி: ஒண்ணும் இல்ல டாக்டர். இந்தப் பிளாஸ்டிக் சுத்தியலால தரையைத் தட்டிப் பார்க்கலாமான்னு கேட்டேன்.

டாக்டர்: தாராளமா. நானும் பல்லை அப்படித்தான் தட்டிப் பார்ப்பேன்.

அண்ணி: பல்லு கத்தும். மரம் கத்தாது, அதான் தொல்லை. இந்தத் தரைக்கு அடியில நீளவாட்டுல சட்டம் ஓடுது. அந்தக் காலத்துப் படகுல எல்லாம் மரச்சட்டம். மேல ஃபைபர் பளபளன்னு இருக்கும், உள்ள மரம் ஊறி மாவாப் போயிருக்கும். பெயின்ட்டைப் பார்த்து வாங்கினவங்க கதை நிறைய என் பட்டறைக்கு வந்திருக்கு... சத்தம் வருதா தம்பி?

தம்பி: கணீர்னு வருது.

அண்ணி: இங்க?

தம்பி: அதே சத்தம்தான். மூலையிலயும் தட்டுங்க.

அண்ணி: மூலையிலயும் அப்படித்தான்... டாக்டர், இந்த ஸ்க்ரூ ஒண்ணைக் கழட்டிப் பார்க்கட்டுமா? தண்ணி கசிஞ்சா உள்ள ஈரம்.

டாக்டர்: கழட்டுங்க. நான் வேணா அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். எங்கிட்ட வர்றவங்க எப்படிப் பயப்படுவாங்கன்னு இப்பத்தான் புரியுது.

அண்ணி: முடிஞ்சுது, திரும்புங்க. காய்ஞ்ச தூள்தான் வருது. கையெல்லாம் தூளாப் போச்சு.

தம்பி: அதுவும் ஒரு குறையா அண்ணி?

அண்ணி: என் கை, நான் சொல்லுவேன். இனி கயிறு கட்டுற கம்பம். இதுதான் உயிர். ஆள் ஒரு பக்கமா சாய்ஞ்சு இழுக்கும்போது மொத்தப் பாரமும் இந்த அடிப்பாகத்துல வந்து விழும். சுத்தி நட்சத்திரம் மாதிரி கீறல் விட்டிருந்தா வந்த வழியே போயிடலாம்... கீறலே இல்ல. இதை யார் மாத்தினது?

டாக்டர்: நான்தாம்மா. எட்டு வருஷம் முன்னாடி லேசா ஆடிச்சு. பதினோரு நாள் லீவு போட்டு, தரையைப் பிளந்து, புது மரம் வெச்சு, பூசி... தப்பா செஞ்சிருந்தா சொல்லிடுங்க.

அண்ணி: தனி ஆளாவா?

டாக்டர்: வீட்டுக்காரி வெளிச்சம் பிடிச்சா.

அண்ணி: ம்... ஸ்க்ரூ தலையெல்லாம் ஒரு நூல் அளவுக்கு உள்ள இறங்கியிருக்கு. பார்க்கவே என்னமோ மாதிரி இருக்கு.

டாக்டர்: அப்படியா... மன்னிக்கணும்.

தம்பி: அண்ணி, பாவம் அவர் முகம் வாடிப்போச்சு. கொஞ்சம் குறைச்சுக்குங்க.

அண்ணி: நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க... டாக்டர், பின்பக்கம் பதிச்ச நம்பரை நான் படிக்கிறேன். உங்க பத்திரத்துல சரியா இருக்கான்னு பாருங்க. அப்புறம் தண்ணியில இறக்கிடலாம்.

டாக்டர்: கரையிலேர்ந்து படகை நான் எடுத்துட்டேன், ஏரி நடுவுக்கு வந்தாச்சு. எஞ்சின் ஒரே தட்டுல எழுந்திருச்சா இல்லையாம்மா? இனி நீங்க ஓட்டுங்க தம்பி. உங்களைப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும். என் பொண்ணு கிளப்புல சறுக்கினப்போ வீட்டுக்கு வந்து உங்க பேச்சுதான். "அந்த அண்ணன் ஓட்டினா கயிறு ஒரு தடவைகூடத் தளராது"ன்னு.

தம்பி: அவ நல்லா நிப்பா டாக்டர். பயமே கிடையாது.

டாக்டர்: நீங்க ஓட்டுறதால பயம் இல்லன்னு அவ சொல்லுவா.

அண்ணி: வேகம் கூட்டுங்க. ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குதா?

தம்பி: ரெண்டு விரல்ல ஓட்டுறேன் அண்ணி, பாருங்க. மூக்கைத் தூக்காம அப்படியே எழுந்துக்குது. பின்னாடி அலையைப் பாருங்க... எவ்வளவு தாழ்வா, தாளை மடிச்ச மாதிரி. இதுல நேத்து வந்த குழந்தைகூட நிக்கும்.

டாக்டர்: அதான் இதோட அழகு. அந்தக் காலத்துல...

அண்ணி: தம்பி, இடது பக்கம்.

தம்பி: இந்த அலையில பிள்ளைங்களை விட்டா ஒரே வாரத்துல...

அண்ணி: இடது பக்கம் தம்பி. மிதவை.

தம்பி: எங்க?

அண்ணி: மிதவை, மிதவை... வலது பக்கம் ஒடிங்க.

டாக்டர்: விடுங்க. கையை விடுங்க தம்பி, எங்கிட்ட கொடுங்க...

அண்ணி: இடிச்சுதா?

டாக்டர்: ஒண்ணும் ஆகல. உரசல்கூட இல்ல. ஒரு முழம் இடம் இருந்திருக்கும்.

தம்பி: மன்னிக்கணும் டாக்டர். வெயில்... கண்ணு கூசிடுச்சு.

டாக்டர்: இருக்கும், இருக்கும். யாருக்கும் வர்றதுதான். கரைக்கு நானே கொண்டுபோறேனே... என்னம்மா, பேச்சையே காணோம்? குறை தீர்ந்துபோச்சா?

அண்ணி: நல்ல படகு டாக்டர்.

தம்பி: அண்ணி?

அண்ணி: இருபத்தேழு வயசுன்னு சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்ப மாட்டாங்க. எஞ்சின்ல ஒரு திக்கல் இல்ல. சட்டத்துல ஒரு சொட்டு ஈரம் இல்ல.

தம்பி: அண்ணி... அந்த ஸ்க்ரூ தலை. உள்ள இறங்கியிருக்குன்னு சொன்னீங்களே?

அண்ணி: காலுல குத்தக் கூடாதுன்னு வேணும்னே இறக்கியிருக்கார். வெறுங்காலோட நிக்கிறவங்களை நினைச்சுச் செஞ்ச வேலை அது. என் பட்டறையில சம்பளத்துக்குச் செய்யறவங்ககூட இதைச் செய்ய மாட்டாங்க.

தம்பி: ஆயில்? கறுத்திருக்குன்னு...

அண்ணி: தேன்.

டாக்டர்: எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. இவ்வளவு நேரம் ஒரு நல்ல வார்த்தை வரல, இப்போ ஒரேயடியா...

அண்ணி: அந்த நோட்டு ஒண்ணு போதும் டாக்டர். பன்னிரண்டு வருஷம் ஒரு நாள்கூட விடாம எழுதின மனுஷனோட படகைக் கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்.

டாக்டர்: அப்படின்னா... நாலு மணிக்கு இன்னொருத்தர் வர்றதாச் சொல்லியிருக்கார். நீங்க எடுத்துக்கிறதா இருந்தா அவரை வர வேண்டாம்னு சொல்லிடுறேன். உங்க கையில போனா எனக்கும் நிம்மதி.

தம்பி: இல்ல டாக்டர். அவர் வரட்டும்.

டாக்டர்: அம்மா இவ்வளவு சொன்னதுக்கு அப்புறமா? எனக்குப் புரியலையே.

தம்பி: எனக்கு நல்லாப் புரிஞ்சுது டாக்டர். உங்க நேரத்துக்கு ரொம்ப நன்றி... வாங்க அண்ணி, போகலாம்.

அண்ணி: கார் கதவை இழுத்துச் சாத்துங்க.

தம்பி: சாத்திட்டேன். இப்போ சொல்லுங்க. எஞ்சினா? சட்டமா? ஓடுறப்போ அடியில ஏதாவது சத்தம் கேட்டுச்சா? என் காதுக்கு ஒண்ணும் கேக்கலையே.

அண்ணி: சத்தம் இருந்தாத்தானே கேக்கும்.

தம்பி: அப்புறம்?

அண்ணி: படகுல ஒண்ணும் இல்ல. நான் சொன்னது ஒவ்வொண்ணும் நிஜம். அதைவிட நல்லதா ஒரு பழைய படகை நான் பார்த்ததில்ல.

தம்பி: நிஜமா? அய்யோ அண்ணி... அப்போ மறந்துட்டீங்களா? புகழ்ந்தா வேண்டாம்னு அர்த்தம். வர்றப்போகூடச் சொன்னேனே. வண்டியைத் திருப்புங்க, இன்னும் நாலு மணி ஆகல.

அண்ணி: மறக்கல.

தம்பி: படகு நல்லா இருக்குன்னும் சொல்றீங்க...

அண்ணி: மிதவைகிட்ட போனப்போ வெயில் எந்தப் பக்கம் அடிச்சுது தம்பி?

தம்பி: நேரா முகத்துல.

அண்ணி: இல்ல, நம்ம முதுகுல அடிச்சுது. கண்ணு கூச வழியே இல்ல. செக்கச்செவேல்னு, என் இடுப்பு உயரத்துக்கு ஒரு மிதவை. நான் மூணு தடவை சொன்னேன். எங்கன்னு கேட்டீங்க.

தம்பி: படகு எனக்குப் புதுசு அண்ணி, கை பழகல...

அண்ணி: பத்தொன்பது வருஷக் கை அது. அதைக் குறை சொல்லாதீங்க. கிளப்புல கயிறு தெறிச்சு, கைப்பிடி வந்து முகத்துல அடிச்சுதே... கன்றிப்போச்சு, ஒரு வாரத்துல சரியாயிடுச்சுன்னு சொன்னீங்க.

தம்பி: கன்றினது சரியாயிடுச்சு.

அண்ணி: கண்ணு?

தம்பி: ...தலையைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி வெச்சுக்கிட்டா தெரியும் அண்ணி. பழகிடலாம்னு நினைச்சேன். இன்னைக்கு அலையைப் பார்த்த சந்தோஷத்துல திருப்ப மறந்துட்டேன்.

அண்ணி: கயித்துல ஒரு பிள்ளை நின்னிருக்கும் தம்பி.

தம்பி: தெரியும்.

அண்ணி: உங்களை மாதிரி படகு ஓட்ட இந்த ஏரியில ஆள் கிடையாது. அந்த டாக்டர் முகத்தைப் பார்த்தீங்களா, உங்ககிட்ட ஸ்டியரிங்கைக் கொடுக்கும்போது? அவர் முன்னாடி இதைச் சொல்ல எனக்கு மனசு வரல. அதான் நீங்க சொல்லிக் கொடுத்தபடி படகைப் புகழ்ந்துட்டேன்.

தம்பி: அண்ணனுக்குத் தெரியுமா?

அண்ணி: தெரியாது. வீட்டுக்குப் போனதும் நான்தான் சொல்லணும், உங்களால ஆகாது. அரைகுறையாச் சொன்னா அவர் தாங்க மாட்டார், அதனால ஒண்ணு விடாம எங்கிட்ட சொல்லிடுங்க. என்னென்ன போச்சு?

தம்பி: இடது கண்ணுல வெளிப்பக்கம் பாதி. ஒன்பது மாசம் ஆச்சு, திரும்பி வராதுன்னு கண் டாக்டர் எழுதிக் கொடுத்துட்டார். படகு ஓட்டுற உரிமம், நாலு மாசம் முன்னாடி. கிளப்பு வேலை... அதை நானா விடல அண்ணி, அவங்கதான் அனுப்பினாங்க. கார் ஓட்டுறது. கண்ணாடி டம்ளர் ரெண்டு, பூனை தள்ளிவிட்டுச்சுன்னு சொன்னேனே, அது. எட்டுப் பிள்ளைங்க. இந்தப் படகு. அவ்வளவுதான்.