அஞ்சு தரம்

— அது வகுத்து வலியில்லைங்கக்கா. வகுத்து வலின்னா காலை மடக்கிக்கிட்டு வீல்வீல்னு கத்தும். இது பசி அழுக. கேட்டாலே தெரியுது.

— நீங்க கரத்தைக்குக் கீழ குந்திக்கிட்டு, மேல ஈக்கிற புள்ளைக்கு வைத்தியம் சொல்றீங்களா? புள்ளைட மொகத்தையே நீங்க காணல்லயே.

— மொகம் எதுக்குங்க? காதுதான் இருக்கே. மழைக்கு ஒதுங்க எடம் குடுத்தீங்க. அதுக்காச்சும் ஒரு வார்த்த சொல்லணும்ல.

— நான் எங்க எடம் குடுத்த? நீங்களா வந்து பூந்த. ஆரோ ஆம்புள எண்டு நெனச்சி, சீலையை இழுத்து மூடிக்கிட்டு நடுநடுங்கிப் போன.

— இந்தப் பல்லேகல ரோட்டுல ஒதுங்க ஒரு கூரை இல்லையேக்கா. மாடு இல்லாம வண்டி மட்டும் நிக்கவும், உள்ளுக்கும் ஆள் இல்லைன்னுதான் பூந்துட்டேன். மாடு எங்க?

— லாடம் களண்டு போச்சு. கரத்தை ஓட்டுற தாஸிம் நானா மாட்டைப் புடிச்சிக்கிட்டு கொல்லன்ட பட்டறைக்குப் போயீக்கிறார். கண்டியிலருந்து வெளிக்கிட்ட நேரமே சரியில்ல.

— பஸ்ஸுல போயிருக்கலாமே. இப்பதான் மோட்டர் பஸ் ஓடுதே.

— பஸ்ஸா? எங்கட மாமி கேட்டா மௌத்தாயிருவா. சுத்திவர சீலை கட்டின கரத்தைக்குள்ளயே, ‘இரும வேணா, ஆம்புளகளுக்குக் கேக்கும்’ எண்டு சொல்றவ அவ.

— எங்க மாமியா இருமுனா தேயிலைத் தோட்டத்துல அடுத்த லயத்து வீடுகளுக்கே கேக்குங்க. ஐயோ, திரும்ப அழுவுது. அழுகைய நிறுத்துங்கக்கா. எப்படியாச்சும் நிறுத்துங்க.

— நான் என்ன, வேணுமெண்டா அழ வுடுறன்? புள்ளை அழுறது ஒங்களுக்குப் புடிக்காட்டி மழையில எறங்கி நடங்களே!

— கோவிச்சுக்காதீங்கக்கா. புடிக்காம சொல்லல.

— இந்தா, சீனித் தண்ணியில வெரலை நனைச்சி வாயில வச்சீக்கிறன். சப்புது. அடங்கிட்டா.

— அது ஏமாத்து வேலைக்கா. கொஞ்ச நேரந்தான் தாங்கும். அதுவரைக்கும் எதையாச்சும் பேசுங்க. எனக்கும் மனசு வேற பக்கம் போகணும்.

— என்னத்தைப் பேச?

— என்னத்தையாச்சும். இந்த மழையில துணி காய வைக்க நீங்க என்னா பண்ணுவீங்க?

— அடுப்புக்கு மேல கொடி கட்டிப் போடுவன்.

— புகை நாத்தம் வருமே.

— நெருப்புல ரெண்டு கராம்பைப் போடுங்க. உடுப்பு மணக்கும்.

— கராம்பா! லயத்துல நான் கராம்பு போட்டுத் துணி காய வச்சா, கங்காணி வீட்டு அம்மாவே வந்து மோந்து பாத்துட்டுப் போவாங்க.

— இப்ப நான் ஒண்டு கேக்கட்டா? கோவிச்சிக்கிட்டு சோறு திண்ணாத புருசனை என்ன செய்ற?

— நீங்க என்னா செய்வீங்க?

— நான் சோத்தை மூடி வச்சிட்டுப் படுத்துக்குவன். பசிச்சா எழும்பித் திண்ணட்டும் எண்டு.

— அப்புடின்னா காலைல பழைய சோறுதான் மிஞ்சும். நான் சொல்றேன், கேளுங்க. சோத்தப் போட்டு முன்னால வச்சிட்டு, பக்கத்து காம்பராக்காரிகிட்ட அவரப் பத்திப் பெருமையா பேசணும். அவரு காதுல விழுற மாதிரி. கை தானா சோத்துக்குப் போயிரும்.

— அல்லாவே! நீங்க பெரிய கள்ளி.

— பொய் சொல்றதில்லக்கா. பெருமைக்கு ஒண்ணு ரெண்டு இருக்கத்தான செய்யுது.

— எங்கட ஊட்டு ஆள்ட பெருமையைச் சொல்லப் போனா, பக்கத்து ஊட்டுக்காரி சிரிச்சிருவா. சும்மா சொல்றன், நல்ல மனிசன். அப்ப இதையும் சொல்லுங்க. கதைக்கிற புருசன் நல்லமா, கதைக்காத புருசன் நல்லமா?

— எங்க வீட்டுக்காரரு கறுப்பையா வாயே தெறக்க மாட்டாரு. அதுதான் நல்லதுன்னு நெனச்சிருந்தேன். இப்ப நெனக்கல.

— ஏன், என்ன நடந்த?

— ஒண்ணுமில்ல. கொடியில கெடக்கிற துணியப் பாத்துக்கிட்டே நிக்கிறாரு. ஒரு வார்த்தையும் இல்ல. ஏசினாலும் தேவலன்னு இருக்கு. அது கெடக்கட்டும். நீங்க வெவரம் தெரிஞ்சவங்களா இருக்கீங்க. ஒண்ணு கேக்கணும், கேக்கலாமாக்கா?

— கேளுங்க. நான் என்ன கடிச்சா திங்கப் போறன்?

— பால் கட்டிக்கிட்டா என்னா பண்றது?

— புள்ளைக்குப் பால் மறக்கடிக்கிறீங்களா? மல்லியப்பூவை நசுக்கி வச்சி, துணியால இறுக்கிக் கட்டுங்க. பூ வாட வாட பால் வத்தும். ஒங்கட புள்ளைக்கு எத்தின வயசு?

— மூணு மாசம்.

— மூணு மாசத்துல ஆராவது பால் மறக்கடிப்பாங்களா? பாவமில்லயா? ஒரு வயசு, ஒண்டரை வயசு வர குடுங்க. தேயிலை ஆயப் போக ஏலாட்டி—

— நான் மறக்கடிக்கலக்கா. அதுதான் என்னைய மறந்துட்டுப் போயிருச்சு.

— என்ன சொல்றீங்க?

— காய்ச்சல். விடியக்காலம் ஒடம்பு குளுந்திருந்திச்சு. காய்ச்சல் எறங்கிருச்சுன்னு சந்தோசப்பட்டேன். அடுத்த காம்பரா கெழவிதான் தொட்டுப் பாத்துட்டு, அது அப்புடி இல்லடின்னாங்க. பையன். வேலுன்னு பேரு வச்சிருந்தோம்.

— யா அல்லாஹ்! எனக்குத் தெரியா தங்கச்சி. நான் எண்ட பாட்டுக்கு மல்லியப்பூ எண்டு, பாவம் எண்டு...

— நீங்க எப்புடி அறிவீங்க? புள்ள போனது பாலுக்குத் தெரியலையேக்கா. ஒரு வாரமாச்சு, இன்னும் வேளா வேளைக்கு ஊறுது. ‘கொஞ்ச நாளு ஒங்கம்மா வீட்டுல போயி இரு’ன்னு மாமியா அனுப்பிட்டாங்க. அம்மா இருக்கிறது தெல்தெனியாவுக்கு மேல ஒரு தோட்டம். அங்கதான் நடந்து போறேன்.

— தனியாவா?

— அவரு கொண்டுவந்து விடுறேன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன். வழி நெடுக ரெண்டு பேரும் பேசாம நடக்கணுமே.

— இங்க பாருங்க, இவ திரும்பவும் தொடங்கிட்டா.

— நான்தான் சொன்னேனே, சீனித் தண்ணி கொஞ்ச நேரந்தான்னு. மாருல போடுங்கக்கா. நான் கீழதான இருக்கேன், என்னைய நெனச்சுக் கூச்சப்படாதீங்க.

— போட ஏலா.

— காம்பு புண்ணா? பசு வெண்ணெய் தடவுங்க. ரெண்டு நாள்ல ஆறிரும்.

— புண்ணில்ல.

— பால் வரலையா? பூண்டச் சுட்டுத் தின்னுங்க. முருங்கக்கீரை சாப்புடுங்க. கருவாட்டுக் கொழம்பு—

— நான் பெறல்ல, தங்கச்சி.

— அக்கா?

— எண்ட தங்கச்சி ருக்கியாட புள்ள இவ. அவ பெத்துப் போட்டுட்டு மௌத்தாயிட்டா. அடக்கி நாப்பது நாள் கூட ஆகல்ல. மச்சானுக்கு மூத்தது ரெண்டு ஈக்கிது, இந்தச் சிசுவை வச்சி அவர் என்ன செய்வார்? எனக்குப் புள்ளை இல்ல. நான் வளக்கிறன் எண்டு தூக்கிட்டு வந்திட்டன். ஆஸியா எண்டு பேர் வச்சீக்கிது.

— அப்ப என்னா குடுக்குறீங்க?

— டின் பால். சுடுதண்ணியில கரைச்சி, கரண்டியால பருக்கினன். வாற வழியில ஒருக்கா கக்கினா. பொறவு வாயையே தொறக்கிறா இல்ல.

— கரண்டி வேணாம். பஞ்சைத் திரியா உருட்டிப் பால்ல நனைச்சு— ஐயோ, இப்புடி அழுவுதே. அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அழுகைய நிறுத்துங்கன்னு நான் ஏன் சொன்னேன் தெரியுமா? அது அழுவுறப்பல்லாம் எனக்கு ரவிக்கை நனைஞ்சு போவுது. மழைன்னு நெனச்சேன். மழை இம்புட்டுச் சூடா இருக்காது. நான் கேக்கக் கூடாது. தெரியும். நாங்க லயத்துச் சனம். கொழுந்துக் கறையும் வேர்வையும். நீங்க தொழுவுறவங்க. ஆனா அது பசியில கெடக்கே.

— அதுக்கில்ல. சத்தியமா அதுக்கில்ல தங்கச்சி. எங்கட நபிக்கும் பால் குடுத்த உம்மா ஒராள் ஈந்தாங்க. ஆர்ட பாலா ஈந்தாலும் பால் பால்தான்.

— அப்ப என்னாங்கக்கா?

— கேட்டா நீங்க என்னைக் காறித் துப்புவீங்க.

— நான் கீழ இருக்கேன். துப்புனா என் மேலதான் விழும். சொல்லுங்க.

— எங்கட முறையில, பால் குடுத்தவ உம்மா. சும்மா பேச்சுக்கு இல்ல, மெய்யாவே உம்மாதான். அவ பெத்த புள்ளைகளும் இவளுக்குக் கூடப்பொறந்த மாதிரி. கலியாணம் கூட முடிக்க ஏலா. இவ பெரிசானா, ஒண்ட உம்மா ஆரு எண்டு கேட்டா, பால் குடுத்தவளைத்தான் காட்டணும். நான் அப்ப ஆரு? பெரியும்மா. பொறந்த நாள்ளயும் பெரியும்மா, மௌத்தாகிற நாள்ளயும் பெரியும்மா.

— கண்டியில பால் குடுக்க ஆளே இல்லையா?

— எண்ட மாமி மகள் தாறன் எண்டு மடியை விரிச்சிக்கிட்டு இருந்தா. இண்டைக்குக் காலையில. நான்தான் வேணா எண்டு புள்ளையைப் பறிச்சி எடுத்துக்கிட்டு கரத்தையில ஏறின. டின் பாலை நான் எண்ட கையால குடுத்தா, வேற உம்மா இல்லயே இவளுக்கு. அப்ப என்னை உம்மா எண்டு கூப்புடுவா. கலியாணம் முடிச்ச நாள்ளருந்து அந்தச் சொல்லுக்குக் காத்துக் கெடக்கிறன். எங்கட ஊட்டுப் பூனைகூட குட்டி போடுது.

— அக்கா, அழாதீங்க. ரெண்டு பேரு அழுதா நான் யாரைத் தேத்துறது?

— பாருங்க, இப்ப சத்தம் கூட வருதில்ல. வாயை மட்டும் தொறந்து மூடுறா. தங்கச்சி! இவக்கு என்னமோ ஆவுது!

— களைச்சுப் போச்சு, அவ்வளவுதான். பயப்படாதீங்க. ஒரே ஒரு வாட்டி குடுத்தாலும் அம்மா ஆயிருமா?

— இல்ல. வகுறு நெறைய அஞ்சு தரம் குடிக்கணும். ஒரு தரத்துக்கு ஒண்டுமில்ல.

— பொறவு என்னா? நான் ஒரு வாட்டி குடுத்துட்டு என் வழியில போறேன். இவ ஒங்க புள்ளையாவே இருப்பா. ஒங்க வீட்டு வாசப்படிகூட எனக்குத் தெரியாது.

— ஏறுங்க. பின்பக்கத்தால ஏறுங்க. சீலையை நான் தூக்கிப் புடிக்கிறன்.

— காலெல்லாம் சேறுக்கா.

— சேறு கழுவினாப் போகும், ஏறுங்க சொல்றன்! ...அட. இவ்வளவு சின்னப் பொண்ணா நீங்க? கதையைக் கேட்டு வயசாளி எண்டு நெனச்சன்.

— நீங்க மட்டும்? நான் பல்லு போன பாட்டியம்மான்னுல்ல நெனச்சேன். குடுங்க. தலையத் தாங்கிக் குடுங்க. வாடி கண்ணு. வா. இந்தா.

— புடிக்கிறாளா?

— ம்.

— குடிக்கிறாளா?

— இழுக்கிறாக்கா. அம்மாடி, என்னா இழுவ! மெதுவாடி. யாரும் புடுங்க மாட்டாங்க. மெதுவாக் குடி.

— தங்கச்சி, ஒங்களுக்கு நோவுதா? கண்ணால தண்ணி வருது.

— நோவலக்கா. வலி எறங்குது. ஒரு வாரமா கல்லா கெடந்துச்சு.

— ஒங்கட பேர் கூட நான் கேக்கல்ல.

— வீராயி.

— நான் றலியா. முந்தானையால தலையைத் தொடைச்சிக்குங்க, ஈரம் புள்ளை மேல சொட்டுது. நில்லுங்க, நானே தொடைக்கிறன்.

— இவ கையப் பாத்தீங்களா? என் விரலைப் புடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குறா.

— எண்ட விரலையும் அப்படித்தான் புடிச்ச, காலையில.

— ...தூங்கிட்டா. வாயோரம் பால் வழியுது, தொடைச்சு விடுங்க. ஒங்க மடிக்கு மாத்துறேன், முழிச்சுக்கப் போறா. மெல்ல. சரிக்கா, நான் எறங்குறேன்.

— மழை பெய்யுதே.

— மழை விட்டுருச்சுக்கா. அது எப்பவோ விட்டுருச்சு.

— வீராயி, தெல்தெனியாக்குப் போய்ச் சேர முந்தி இவக்குத் திரும்பப் பசிக்குமா?

— பசிக்காம? பாதி வழியிலேயே முழிச்சிருவா. பஞ்சுத் திரி சொன்னேன்ல, ஞாபகம் இருக்கா? பால் வெதுவெதுன்னு இருக்கணும்.

— எங்கட ஊடும் தெல்தெனியக் கடைத்தெருவுலதான். நடந்து போறவ, இதுலயே வாங்க.

— வாறதுக்கென்னா. வழியில அழுதா குடுக்காம இருக்க முடியாதுக்கா என்னால. அப்ப ரெண்டு ஆயிரும்.

— ஆகட்டும்.

— ராவைக்கு?

— ராவைக்கு எங்கட ஊட்டுல தங்குங்க. ஒங்கட அம்மாக்கு ஆள் அனுப்பிச் சொல்லுவம். ஒங்கட ஊட்டுக்காரருக்கும் சொல்லுவம். அவர் வந்து பாக்கட்டும். கதைக்காட்டியும் பரவாயில்ல.

— அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. விடியிறதுக்குள்ள அஞ்சு ஆயிரும்.

— எனக்கு எண்ணத் தெரியும். எறங்காதீங்க. உக்காருங்க.

— றலியா! லாடம் அடிச்சாச்சு. கொல்லன் பேசிப் பேசியே நேரத்தைத் திண்டுட்டான். மாட்டைப் பூட்டுறன், சீலையை இழுத்து வுடுங்க. என்ன இது, உள்ளுக்க ரெண்டு கொரல் கேக்குது? ஊட்டுக்குப் போனா ஒங்கட புருசன் மர்சூக் என்னைத்தானே கேப்பார். ஆரை ஏத்திக்கிட்டு வந்த எண்டு கேட்டா, நான் என்னத்தைச் சொல்ற?

— புள்ளைட உம்மா எண்டு சொல்லுங்க, நானா.