ஆனைக்குட்டம் சாலையில் மிஷின் சத்தம்

உச்சிப் பகல் பன்னிரண்டு மணி. ஆனைக்குட்டம் சாலை... ஆள் நடமாட்டமே கிடையாது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று நம்பி இந்த அரிக்கேன் விளக்கைச் சுற்றி ஒண்டிக்கொண்டு இருக்கிறீர்களே, உங்களுக்காகத்தான் சொல்கிறேன். இது நம் ரத்தினசாமியின் மைத்துனன் வேலுச்சாமிக்கு நடந்தது. அறுபத்திரண்டாம் வருஷம்.

வேலுச்சாமி சிவகாசியில் மத்தாப்புப் பெட்டி செய்யும் கம்பெனியில் மேஸ்திரி. அச்சடித்த அட்டையை வெட்டி மடிப்புக் கோடு போட அங்கே ஒரு மிஷின். இரண்டு இரும்புப் பலகை. திறக்கும்... மூடும். திறக்கிற நேரத்தில் அட்டையை உள்ளே வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். மாணிக்கராஜ் பதினோரு வருஷமாக அதில் அட்டை கொடுத்தவன். மிஷினைப் பார்க்கவே மாட்டான். கை தானாகப் போகும், தானாக வரும். டடக்... சளக். டடக்... சளக்.

தீபாவளி சீசன். வாசலில் லாரி நிற்கிறது. மிஷினை நிறுத்திவிட்டு மாணிக்கராஜ் தண்ணீர் குடிக்கப் போனான். அந்த நேரம் பார்த்து வேலுச்சாமி பெல்ட்டை வேகமான சக்கரத்துக்கு மாற்றிவிட்டான். சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தானாம். அதற்குள் லாரிக்காரன் கூப்பிட்டான்... போய்விட்டான்.

மாணிக்கராஜ் வந்து ஓட்டினான். கை பழைய தாளத்துக்குப் போனது. இரண்டு கையும் மணிக்கட்டோடு மாட்டியது. மிஷின் நிற்கவில்லை. மறுபடி திறந்து மறுபடி மூடியது. எலும்பு நொறுங்கிய சத்தம் வாசல்வரை கேட்டது. அட்டைக் கட்டெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

கல்லறைத் தோட்டத்தில் மாணிக்கராஜ் பெண்சாதி பாக்கியவதி, வேலுச்சாமியிடம் வந்து நின்றாள்.

“வேலையில தூங்கிட்டாகன்னு மொதலாளி சொல்லுதாரு. நஷ்டஈடும் கெடையாதாம். நீங்க பக்கத்துல இருந்தீகளே அண்ணாச்சி... நெசமாவா?”

“ஆமாம்மா... கண்ணசந்துட்டான்.”

முதலாளிக்கு அதைச் சொன்னதே இந்தப் பாவிதான். பெல்ட் விஷயம் வெளியே வந்தால் இவன் வேலை போய்விடுமே. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று ஒரு நிமிஷம் யோசித்தானா?

மூன்று மாதம் போனது. பாக்கியவதி வீட்டிலேயே பெட்டி ஒட்டிக் கொடுத்துப் பிழைத்தாள். அவளுக்கு அட்டைக் கட்டு ஏற்றிக்கொண்டு வேலுச்சாமி ஆனைக்குட்டம் சாலையில் சைக்கிளில் போகிறான். அதே பன்னிரண்டு மணி. கண்மாய்க்கரை தாண்டியதும்... பின்னால் சத்தம்.

டடக்... சளக். டடக்... சளக்.

திரும்பிப் பார்த்தான். ஈ காக்கை இல்லை. மை வாசனை அடித்தது. மிஷின் எண்ணெய் வாசனை. அதோடு பச்சை ரத்தக் கவிச்சி. ஓங்கி மிதித்தான். அதுவும் வேகமெடுத்தது. டடக்சளக், டடக்சளக்... இறங்கி ஓடலாம் என்று ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்தான்... வரவில்லை.

மாட்டு வண்டிக்காரர் ஒருவர்தான் தூக்கி வந்து ஆஸ்பத்திரியில் போட்டார். இரண்டு கையும் நசுங்கிக் கூழாகியிருந்தன. “எந்த மிஷின்ல மாட்டுச்சு?” என்று டாக்டர் கேட்டார். வெட்ட வெளிச் சாலையில் ஏது மிஷின்? சைக்கிளில் ஒரு கீறல்கூட இல்லை. மணிக்கட்டில் மட்டும் குறுக்கே ஒரு நேர்க்கோடு, பெட்டி அட்டைக்குப் போடுகிற அதே மடிப்புக் கோடு. நர்ஸ் லேசாகத் தொட்டதும் கை அந்தக் கோட்டில் மடிந்துகொண்டது.

சைக்கிளில் தூங்கி விழுந்திருப்பான் என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லிவிட்டார். மறுநாள் பாக்கியவதி வந்தாள். கட்டிலோரம் நின்று கேட்டாள்.

“தூங்கிட்டீகளா அண்ணாச்சி?”

வேலுச்சாமி அவள் பக்கம் திரும்பினான்.

“இல்லம்மா... முழிச்சுத்தான் இருந்தேன். அவனும் முழிச்சுத்தான் இருந்தான். பெல்ட்ட மாத்துனது நான்தான்.”

அப்போது அந்த வார்டில் படுத்திருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்களாம். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஏதோ ஒரு சத்தம் அங்கே ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது... டடக்... சளக் என்று. அது நின்ற பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது.