மேலூர் அணையின் அளவுக்கல்

இல்ல சார், நாற்காலியை இப்படி ஃபேன் பக்கமா இழுத்துப் போட்டு உக்காருங்க. விசாரிக்கத்தானே அனுப்பியிருக்காங்க, தாராளமா விசாரிங்க. என்னைக் கவுத்தது வேத்தாள் இல்ல, என் சம்பந்தி.

ஆத்துக் கமிட்டிக்கு நீங்க புதுசுல்ல? மேலூரும் கீழூரும் இருபது வருஷம் ஒருத்தன் மண்டையை ஒருத்தன் உடைச்சுக்கிட்டுக் கிடந்தோம். அப்புறம்தான் உக்காந்து பேசி ஒரு ஏற்பாடு பண்ணினோம். அணையில அடி போட்ட கல்லு இருக்கே, அதுல தண்ணி எத்தனை அடி நிக்குதோ அதுக்குத் தக்கபடி கீழூர்க்காரங்க எங்களுக்கு ஷட்டர் தொறக்கணும். அணை அவங்க ஊர்ல இருக்கு, அதனால அளவு பார்த்து எழுதறது எங்க ஆளா இருக்கணும். அந்த ஆள் நான்.

நல்ல ஏற்பாடுதான், யாரு இல்லேன்னா? வாரா வாரம் போவேன். அங்க ஷட்டர் பார்த்துக்கிறவர்தான் பின்னாடி எனக்குச் சம்பந்தியான அவர். எனக்குக் குடை பிடிச்சுக்கிட்டுக் கூடவே நிப்பார். பழகிப் பழகி, என் பொண்ணைத் தன் பையனுக்குக் கேட்டார். கமிட்டி தண்ணி குடுத்துச்சோ இல்லையோ, மாப்பிள்ளை குடுத்துச்சுன்னு எங்க ஊர்ல ஒரே கிண்டல்.

கல்யாணம் முடிஞ்ச அடுத்த வாரமே போன். எதுக்கு சம்பந்தி இந்த வெயில்ல எட்டு மைல் சைக்கிள் மிதிக்கிறீங்க, நான் பார்த்துச் சொல்றேன், எழுதிக்கங்கன்னார். சம்பந்தியைப் போய்ச் சந்தேகப்பட முடியுமா? நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

சரி, நீங்க போய்ப் பார்த்திருப்பீங்க.

அவர் நாலுன்னா நாலு, மூணுன்னா மூணு. வாரத்துல மூணு நாள் வந்த தண்ணி ஒரு நாளாச்சு. மழை கம்மிப்பான்னு எங்காளுங்களுக்கு நானே சமாதானம் சொன்னேன். போன வாரம் கமிட்டிக்காரங்க திடீர்னு அணைக்குப் போனாங்க, குட்டு உடைஞ்சுது. அதுக்குள்ள எங்க கடைமடை பூரா கருகிப்போச்சு. என் தம்பி வயலும்தான். கூடப் பொறந்தவன், தெருவுல என்னைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறான். குடை பிடிச்சு நின்ன மனுஷன் சார் இப்படிப் பண்ணிட்டாரு!

என்ன கேட்டீங்க? எனக்கு எப்பத் தெரியும்னா?

போன வருஷம் ஒரு தடவை சொல்லாம கொள்ளாம நேர்ல போனேன். அன்னைக்குக் காலையில நாலடின்னு போன்ல சொல்லியிருந்தார். கல்லுல ஏழு நிக்குது. அவங்க வயல்ல தண்ணி தளும்புது. பொண்ணு மாசமா இருந்தா. வரப்பு வரைக்கும் வந்து, அப்பா, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னா. சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து நாலுன்னுதான் எழுதினேன்.